கொசுவலைக்குள் மாட்டிய முதலாளி

அடுத்தவன் காரைப் பார்த்தும் வீட்டைப் பார்த்தும் பொறாமைப்படுகிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. தன் சொந்தக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்து வயிறு எரிந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அந்த விளம்பரத்தை எடுக்கச் சொன்னதும் நானே என்பது கூடுதல் சிறப்பு.

தொழில் கொசுவலை. ஜன்னலுக்கும் கதவுக்கும் அலுமினிய ஃபிரேம் அடித்து வலை மாட்டிக் கொடுப்பது. குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, பீர்க்கன்கரணையில் ஒரு ஷெட்டைப் பிடித்து, 'ராத்தூக்கம் கொசுவலை' என்று போர்டு மாட்டினேன். ஏரிக்கரைக் கொசுக்களை நம்பி ஆரம்பித்த தொழில். அவை என்னைக் கைவிடவில்லை. (பிற்பாடு அளவுக்கு மீறியே பாசம் காட்டின.)

"இப்பல்லாம் வீடியோ போட்டாதான்பா ஆர்டர் வரும்" என்று என் மகள் யாழினி சொன்னாள். சரி என்று முதல் வீடியோவில் நானே நின்றேன். கேமராவைப் பார்த்ததும் என் இரண்டு கைகளும் யாரோ இரவல் கொடுத்தவை போல் ஆகிவிட்டன. எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்த யாழினி போனைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நீங்க கொசுவலை விக்கிற ஆள் மாதிரி இல்ல. கொசு கடிச்ச ஆள் மாதிரி இருக்கீங்க."

அப்போதுதான் என் மனைவி ஹேமா அந்த யோசனையைச் சொன்னாள். "நம்ம சதீஷ நிக்க வெய்யுங்களேன்."

சதீஷ் அவளுடைய தம்பி. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. ஆள் வாட்டசாட்டம். தலையில் இருந்த முடியை வைத்து என்னைப் போல் நான்கு பேருக்குப் பந்தி பரிமாறலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஜன்னலருகே நின்றான், மூச்சை ஆழமாக இழுத்துவிட்டான், கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "கொசு வெளிய, நீங்க உள்ள. ராத்தூக்கம்!" அவ்வளவுதான். மொத்தமே பத்து வினாடி.

அந்தப் பத்து வினாடி தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஒரு செல்போன் பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்தது. போன் வந்துகொண்டே இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம் வரை.

எட்டாவது நாள், அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்கப் போனேன். கதவைத் திறந்த அம்மாள் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தார்.

"ஓனர் வரலையா?"

"நான்தாங்க ஓனர்."

"பரவாயில்லப்பா, நீ அளவெடு" என்றார், பொய் சொன்ன பிள்ளையை மன்னிக்கிற குரலில். "அவர ஒருநாள் வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு. தங்கமான மனுஷன்." கிளம்பும்போது ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு கொடுத்தார். "அவர்கிட்ட குடுத்துடு. நீயும் ஒண்ணு எடுத்துக்கோ."

வழியில் தாம்பரம் சானடோரியம் பக்கம் வண்டியை ஓரம்கட்டி, மொத்த மைசூர்பாகையும் நானே தின்றேன். பசியே இல்லை. அவனுக்கு ஒன்றுகூடப் போகக் கூடாது, அதுதான் குறிக்கோள். (இரண்டு நாள் வயிறு சரியில்லை. அதற்கும் அவன்தான் காரணம் என்று நினைத்தேன்.)

பிறகு இணையத்தில் ஒருவர் எழுதிய விமர்சனம்: 'தரமான வலை. ஓனர் முகத்தில் நேர்மை தெரிகிறது. வேலைக்கு வந்த ஆள் சுமார்.' அந்தச் சுமாரான ஆள் நான். அதை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. ஹேமாவிடம் காட்டினேன்.

"நேர்மை தெரியுதுன்னு சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்றாள், தம்பியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடி.

அந்தச் சமயத்தில்தான் சிறு வியாபாரிகளுக்கான ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். பாடம் எடுத்த பெண் சொன்னார்: "ஜனங்க பொருளை மட்டும் பாத்து வாங்கறதில்ல சார். அதுக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு பாத்துதான் வாங்கறாங்க. நீங்க ஒளிஞ்சுக்கிட்டா, யாரை நம்பறதுன்னு அவங்களுக்கே தெரியாது." எனக்காகவே பேசியது போல் இருந்தது. அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். பக்கத்தில் ஊறுகாய் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் நோட்டின் அட்டையைப் பார்த்துக் கண்கள் விரியக் கேட்டார்.

"ராத்தூக்கமா! அந்த அண்ணாகிட்டயா வேலை பாக்கறீங்க? சம்பளம்லாம் ஒழுங்கா குடுக்கறாரா?"

அன்று முடிவு செய்தேன். இனி என் கம்பெனிக்கு முகம் நான்தான்.

வாய்ப்பும் வந்தது. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. மொத்த வீடுகளுக்கும் ஒரே ஆளிடம் கொசுவலை போடப் போகிறார்கள். சங்கத் தலைவி கஸ்தூரி மேடம், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், போனில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்டிங். ஓனரே நேர்ல வந்து செஞ்சு காட்டணும். வீட்டுக்காரங்கல்லாம் அவரப் பாக்கணும்னு ஆசப்படறாங்க."

அந்த 'அவர்' யார் என்று எனக்குத் தெரியாதா?

சதீஷிடம் சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் கூட்டம் ஏழு மணிக்கு என்று சொன்னேன். (இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.) அவன் வந்து சேர்வதற்குள் நான் மேடையேறி, செய்து காட்டி, கைதட்டல் வாங்கி, ஆர்டரும் வாங்கி முடித்திருப்பேன் என்பது திட்டம்.

செய்து காட்ட ஒரு கூண்டு தயார் செய்திருந்தேன். ஆள் நிற்கிற உயரம், நான்கு பக்கமும் கூரையும் வலை, ஒரு வலைக்கதவு. அதற்குள் நான் நிற்பேன், சுற்றிலும் கொசு பறக்கும், ஒன்றுகூட என்னைத் தொடாது. என் ஃபிட்டர் ஜோசப் அண்ணன் கூண்டை மினி வண்டியிலிருந்து இறக்கிப் புல்வெளியில் வைத்தார். கதவின் வெளிப்பக்கம் புதிதாக ஒரு கொக்கி.

"இன்னா அண்ணே இது?"

"வண்டில வர சொல்லோ டோர் ஆடிகினே இருந்துச்சு சார். அதான் மாட்டிக்கினேன். வேலை முடிஞ்சதும் கயட்டிடலாம்."

அதற்குள் காவலாளி வண்டியை வெளியே எடுக்கச் சொன்னார். ஜோசப் அண்ணன் போய்விட்டார்.

நேரலை போட வேண்டும் என்று செல்போனை ஸ்டாண்டில் மாட்டினேன். முகம் பளிச்சென்று தெரிய, கூண்டுக்குள் ஒரு பெரிய பல்பைத் தொங்கவிட்டு எரியவிட்டேன். கதவைத் திறந்தே வைத்துவிட்டு, வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டு வரவேற்றேன். ஏரிக்கரை, மாலை நேரம், உள்ளே விளக்கு, கதவோ திறந்திருக்கிறது. இருபது வருடமாகக் கொசுவை விரட்டுவதே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. போனில் என் முகம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

நாற்காலிகள் நிரம்பின. சட்டையில் மைக்கை மாட்டிக்கொண்டு கூண்டு வாசலில் நின்றபடி பேசினேன்.

"நான் இப்ப உள்ள போறேன். பத்து நிமிஷம் நிப்பேன். ஒரு கொசு என்னைத் தொட்டா நீங்க ஆர்டரே குடுக்க வேணாம். நான் கெஞ்சினாலும் கதவைத் திறக்காதீங்க!"

பலத்த கைதட்டல். உள்ளே போய்க் கதவை ஸ்டைலாக இழுத்துச் சாத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். கொக்கி தானாக விழுந்துகொண்டது.

முதல் கடி பிடரியில். இரண்டாவது காது மடலில். அண்ணாந்து பார்த்தேன். பல்பைச் சுற்றிப் பீர்க்கன்கரணை ஏரியின் கொசுக்குலம் மொத்தமும் குடும்பத்தோடு வந்து கூடியிருந்தது. என் வலை அவ்வளவு அருமையான வலை. ஒரு கொசுவால் உள்ளே நுழைய முடியாது. உள்ளே வந்துவிட்ட கொசுவால் வெளியேறவும் முடியாது.

சிரித்தபடி சமாளித்தேன். கன்னத்தில் ஒரு அடி, கழுத்தில் ஒரு அடி. மைக் வழியாக ஒவ்வொரு அடியும் குடியிருப்பு முழுவதும் ஒலித்தது. குழந்தைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"கதவைத் திறங்க" என்றேன் மெதுவாக.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் விரலை ஆட்டினார். "அஸ்குபுஸ்கு! நீங்கதானே திறக்கக் கூடாதுன்னீங்க?"

"இல்ல சார், நெஜமா கேக்கறேன்!"

"நல்லா நடிக்கறார்ல?" என்றது ஒரு பெண் குரல்.

வலையைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு கையாலும் பற்றி இழுத்தேன். கிழியவில்லை. காலால் உதைத்தேன். கிழியவில்லை. பூனை பிராண்டினாலும் கிழியாது என்று நான் எட்டு வருடமாக எல்லா வீடுகளிலும் சொல்லி வந்தது முழு உண்மை என்று அன்றுதான் எனக்கே உறுதியானது. "ஸ்ட்ராங்கா இருக்குங்க" என்று யாரோ பாராட்டினார்கள். இன்னொரு உதை விட்டதில் கூண்டு சாய்ந்து, நானும் கூண்டும் பல்பும் புல்வெளியில் உருண்டோம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அப்போது வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. "ஓனர் வந்துட்டார்! ஓனர் வந்துட்டார்!"

சதீஷ். நேரலையைப் போனில் பார்த்துவிட்டு, பெருங்களத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவைப் பிடித்து ஓடி வந்திருக்கிறான். கூட்டம் வழிவிட்டது. ஒருவர் அவனோடு செல்ஃபி எடுத்தார். நான் உள்ளே கடிவாங்கிக்கொண்டிருக்க, அவன் குனிந்து ஒற்றை விரலால் கொக்கியைத் தூக்கினான். அந்த நிலையிலும், அவன் முடி கலையவில்லை என்பதைக் கவனித்தேன்.

"மாமா, ஏழு மணின்னு சொன்னீங்களே?" என்றான்.

என் சட்டையில் மைக் இன்னும் உயிரோடு இருந்தது. மொத்தக் குடியிருப்பும் கேட்டது. நேரலையில் ஹேமாவும் கேட்டாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. "நான்தான் ஓனர்!" என்று கத்தினேன். "ஷெட் என்னுது! பேர் நான் வெச்சது! இவன் என் மச்சான்! இவனுக்கு ஒரு ஸ்க்ரூ மாட்டத் தெரியாது!"

சதீஷ் என்னைப் பிடித்து நிறுத்தி, முதுகிலிருந்த புல்லைத் தட்டிவிட்டான்.

"ஆமாங்க. மாமாதான் ஓனர். நான் சொல்லிக்குடுத்தத பேசறவன், அவ்ளோதான்" என்றான்.

கஸ்தூரி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்போ இத்தன நாளா நீங்க ஏன் ஒளிஞ்சிட்டு இருந்தீங்க?"

மூஞ்சி சரியில்லை என்று சபையில் சொல்ல முடியுமா?

"சரி, அத விடுங்க. ஏரிப்பக்கத்து ஜன்னலுக்கு எந்த வலை போடுவீங்க?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஈரக்காற்றுக்கு எந்தக் கம்பி துருப்பிடிக்கும், சறுக்கு ஜன்னலின் எந்த இடுக்கில் கொசு புகும், சமையலறை வலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் எப்படிக் கழுவ வேண்டும் என்று சொறிந்துகொண்டே முக்கால் மணி நேரம் பேசினேன். கை எங்கே வைப்பது என்ற கவலையே எழவில்லை. இரண்டு கைக்கும் சொறிய இடம் இருந்தது. முடிவில், ஏரியைப் பார்த்த வீடுகளுக்கு மட்டும் முதலில் போடுங்கள் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே வர வேண்டும்.

திரும்பும்போது மினி வண்டியில் சதீஷ் பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். உதடும் வீங்கியிருந்ததால் சரியாக வரவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன் மாமா" என்றான். "போன மாசம் பொண்ணு பாக்கப் போனோமே, என்னாச்சுன்னு அக்கா சொல்லலையா? பொண்ணோட அப்பா என்கிட்ட படிப்பு, வேலை எதுவும் கேக்கல. ஜன்னல் அளவ ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டு, எப்ப வந்து மாட்டுவீங்கன்னு கேட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கன்னம் வலித்தது. அவனும் சிரித்தான். எனக்குப் பொறாமையே போய்விட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் அப்போதும், இவன் சிரித்தால் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு ஓரத்தில் எரிந்தது.

ஹேமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தம்பிக்கு நேரத்தை மாற்றிச் சொன்னதற்காக. மூன்றாம் நாள் என் முகத்தில் காலமின் லோஷன் தடவும்போது தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

இப்போது எங்கள் வீடியோக்களில் நான்தான் வருகிறேன். குரோம்பேட்டை மார்க்கெட்டில்கூட அடையாளம் கண்டு, "அண்ணா, கூண்டுல உருண்டது நீங்கதானே?" என்று கை கொடுக்கிறார்கள். ஆர்டரும் தருகிறார்கள். வீட்டில் மட்டும் எனக்கு மரியாதை போனது போனதுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொசுவுக்குக் கொசு என்ற பெயர் கிடையாது.

நேற்றுச் சாயங்காலம்கூட ஹாலில் யாழினி மின்சாரப் பேட்டை வீசினாள். பட்டென்று பொறி பறந்தது.

சமையலறையிலிருந்து ஹேமா குரல் கொடுத்தாள். "யாருடி அது?"

"ஓனர்மா."

"போய்ச் சேந்துட்டாரா?"

"ஒருத்தர் போயிட்டார். இன்னொருத்தர் டிவி பாத்துட்டு இருக்கார்."