ஒரே வண்டி, ரெண்டு ஊர்ல விபத்து

என் வண்டிக்கு ஒரே ஞாயித்துக்கிழமை, ஒரே பதினோரு மணிக்கு, ரெண்டு ஊர்ல ஆக்சிடென்ட் ஆயிடுச்சு. ஒண்ணு வாலாஜாபாத் ரோட்டுல. இன்னொண்ணு குன்றத்தூர் மலை அடிவாரத்துல. ரெண்டுக்கும் நடுவுல முப்பது கிலோமீட்டருக்கு மேல. மொதல்ல சொன்னது நெஜமா நடந்தது. ரெண்டாவது, நான் என் பொண்டாட்டி கிட்ட சொன்னது.

என் பேரு பலராமன். ஒரகடத்துல பிரேக் செய்யுற கம்பெனியில லைன்ல வேலை. ஊர்ல ஓடுற வண்டிக்கெல்லாம் நான் பிரேக் போடுறேன். எனக்குப் பிரேக் போடுறது சசிரேகா. அவ ஸ்ரீபெரும்புதூர்ல செல்போன் கம்பெனியில குவாலிட்டி செக்கிங். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கு அவளுக்குச் சம்பளம் தர்றாங்க. மீதிப் பதினாறு மணி நேரம் அதே வேலையை வூட்டுல இலவசமா பண்ணுறா.

போன தை மாசம் எனக்கு சுகர் இருநூத்தி எண்பத்தாறுனு ரிப்போர்ட் வந்திச்சு. அன்னிக்கு சசிரேகா அழுதா. சும்மா இல்ல, நெஜமாவே அழுதா. அவங்க அப்பாவுக்கு சுகர்ல ஒரு காலையே எடுத்துட்டாங்க. அதைப் பார்த்து வளந்தவ. டாக்டரு, "படி ஏறுங்க, நடங்க"ன்னாரு. நான் வாயை வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். "ஞாயித்துக்கிழமைன்னா குன்றத்தூர் முருகன் மலை. பத்து வாட்டி ஏறி எறங்குறேன். இது சத்தியம்"னு சொல்லிட்டேன்.

மொத வாரம் போனேன். ரெண்டு வாட்டி ஏறினேன். மூணாவது வாட்டிக்கு, முருகனே வேணும்னா கீழ வந்து என்னைப் பார்க்கட்டும்னு உக்காந்துட்டேன். அடுத்த வாரம் வூட்டை விட்டுக் கெளம்பினதும் வண்டி தானா மேற்கால திரும்பிடுச்சு. அங்க வாலாஜாபாத் ரோட்டோரமா ஒரு பாய் கடை. விறகு அடுப்புல தம் பிரியாணி. அதுக்கப்புறம் நாலு மாசமா என் வண்டிக்கு வேற வழியே தெரியல.

ஆனா நெத்தியில விபூதி மட்டும் தவறாது. மொத வாரம் வாங்கின பொட்டலம் டேங்க் கவர்ல இருந்திச்சு. பிரியாணி சாப்பிட்டுக் கையைக் கழுவினதும் பூசிக்குவேன். "எங்க வூட்டுக்காரர் மலை ஏறுறாரு"ன்னு சசிரேகா தெரு பூரா சொல்லிக்கினு இருந்தா. எதிர் வூட்டு பாஞ்சாலி அக்கா என்னைப் பார்த்தா செருப்பைக் கழட்டிட்டுப் பேச ஆரம்பிச்சிட்டாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை நான் உள்ள உக்காந்து ரெண்டாவது கரண்டிக்கு ஜாடை காட்டிக்கினு இருக்கேன். வெளிய டமார்னு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தா, ஒரு மினி லாரி ரிவர்ஸ் எடுத்து, ஓரமா ஒழுங்கா நிறுத்தியிருந்த என் வண்டி மேல ஏறி நிக்குது. ஹெட்லைட் தூள். ஃபோர்க் கோணிப் போச்சு. டேங்க் சப்பை. லாரி டிரைவர் நல்ல மனுஷன். "என் தப்புதாண்ணா"ன்னு கைப்பட எழுதியே குடுத்துட்டாரு.

என் மேல ஒரு தப்பும் இல்ல. கல்யாணமாகி பதினொரு வருஷத்துல என் மேல தப்பே இல்லாத ஒரு விஷயம் இது ஒண்ணுதான். அதையும் வெளிய சொல்ல முடியல.

வண்டி சசிரேகா பேர்ல. அவ கம்பெனி லோன்ல எடுத்தது. இன்ஷூரன்ஸும் அவ பேர்லதான். ஒர்க்‌ஷாப்புல வண்டியைக் கொண்டு போய் விட்டப்ப, மெக்கானிக் ஃபிரடி தம்பி என்னைத் தனியா கூப்பிட்டு சொன்னாரு.

"அண்ணே, ரிப்பேர் நாப்பதாயிரத்தைத் தொடும். எந்த எடம், எத்தினி மணி, எதுலயும் பொய் சொல்லிடாதீங்க. மாட்டினா மொத்த கிளெய்மும் காலி."

ஆக, இன்ஷூரன்ஸ்காரனுக்கு உண்மையைச் சொல்லலைன்னா பணம் போச்சு. சசிரேகாவுக்கு உண்மை தெரிஞ்சா நானே போயிட்டேன். அன்னிக்கு ஒரு முடிவு எடுத்தேன். உண்மை ஒர்க்‌ஷாப்புல இருக்கட்டும், பொய் வூட்டுல இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கவே கூடாது. அங்கயே நின்னு போன் போட்டு, வாலாஜாபாத் ரோடுன்னு உண்மையைச் சொல்லி கிளெய்ம் பதிஞ்சேன். அப்புறம் ஷேர் ஆட்டோ புடிச்சு வூட்டுக்கு வந்து பொய்யைச் சொன்னேன்.

சசிரேகா கம்பெனியில 'ஒய்-ஒய்'னு ஒரு வழக்கம். ஒரு பீஸ் கெட்டுப் போச்சுன்னா அஞ்சு வாட்டி 'ஏன்'னு கேப்பாங்க. அஞ்சாவது ஏன்ல எவனாவது ஒருத்தன் மாட்டியே தீருவான். செவ்வாக்கிழமை சாயங்காலம் ராகி களியை என் முன்னாடி வெச்சுட்டு எதுருல உக்காந்தா.

"ஏங்க, வண்டியை ஏன் இடிச்சான்?"

"பார்க்காம ரிவர்ஸ் எடுத்துட்டான் சசி."

"ஏன் பார்க்கல?"

"ஒரே கூட்டம். மறைச்சிடுச்சு."

"ஏன் கூட்டம்?"

"கிருத்திகை இல்ல?"

"கிருத்திகை போன வாரமே முடிஞ்சிடுச்சே."

"அன்னிக்கு வர முடியாதவங்க எல்லாம் வந்திருந்தாங்க."

"சரி. லாரி ஏன் மலைகிட்ட வந்திச்சு?"

"அன்னதானத்துக்கு அரிசி எறக்க."

நாலு ஏன் முடிஞ்சுது. அவ கையை நீட்டினா. "போட்டோ எடுத்திருப்பீங்களே, காட்டுங்க."

நான் ஏற்கெனவே உஷாரா ஓரத்தையெல்லாம் வெட்டிட்டு, ஹெட்லைட்டும் வீலும் மட்டும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ வெச்சிருந்தேன். காட்டினேன். அவ ரெண்டு வெரலால பெருசு பண்ணினா. இன்னும் பெருசு பண்ணினா. செல்போன்ல முடி அளவு கீறல் இருந்தாலே கண்டுபிடிக்கிற கண்ணு அது.

"இது இன்னா, வீலுக்குப் பின்னால பெரிய பாத்திரம், தேக்சா மாதிரி கீது?"

"அன்னதானம்னு சொன்னேன்ல!"

"அன்னதானத் தேக்சாவுல, மூடி மேல ஏன் நெருப்பு கீது?"

அஞ்சாவது ஏன். பாய் தம் போடுறப்ப மூடி மேல தணலை அள்ளிக் கொட்டுவாரு. அந்தத் தணல் அந்தப் போட்டோவுல செவசெவன்னு எரிஞ்சிக்கினு இருக்கு.

"அது வந்து... சாம்பார் சாதம் ஆறிடக் கூடாதுன்னு."

அவ என்னையே பார்த்தா. போனைத் திருப்பிக் குடுத்தா. "சரி"ன்னா. எனக்கு அவ திட்டினா பயமில்ல. 'சரி'ன்னாதான் பயம்.

இருந்தாலும் துணிஞ்சு கிளெய்ம் ஃபாரத்தை நீட்டினேன். "இங்க ஒரு கையெழுத்து போடு. நாளைக்கு வண்டியைப் பார்க்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் வர்றாரு."

"உள்ள ஒண்ணுமே எழுதலையே?"

"நான் எழுதிக்கிறேன். ஷிஃப்ட் முடிச்சு வந்து களைப்பா இருக்க. உனக்கு எதுக்கு சிரமம்?"

போட்டுட்டா. வெறும் ஃபாரத்துல போட்டுட்டா! குவாலிட்டி செக்கிங்கையே ஏமாத்தின மொத ஆளு நான்தான்னு மனசுக்குள்ள விசில் அடிச்சுக்கினேன்.

புதன்கிழமை. என் கணக்கு இதுதான்: அவளுக்கு மொத ஷிஃப்ட். காலையில அஞ்சேகாலுக்கு கம்பெனி பஸ் ஏறினா, ரெண்டு மணி வரைக்கும் வர மாட்டா. அவங்க கம்பெனியில போனை லாக்கர்ல வெச்சிட்டுத்தான் உள்ளயே போவணும். சர்வேயர் பதினோரு மணிக்கு வருவாரு. நானும் அன்னிக்கு மட்டும் ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கினேன். பன்னெண்டு மணிக்குள்ள உண்மையைப் பேசி முடிச்சு, ஃபாரத்தை ஒட்டி அனுப்பிட்டா, அந்த உண்மை இந்த ஜென்மத்துல எங்க வூட்டு வாசப்படி ஏறாது.

பதினோரு மணி ஆச்சு. சர்வேயர் வரல. பதினொண்ணரை. வரல. ஃபிரடி தம்பி கிட்ட ஆறு வாட்டி கேட்டுட்டேன். "வந்துடுவாருண்ணே, வேற எங்கயோ போன்ல பேசிக்கினு இருக்காராம்." பன்னெண்டு. ஒவ்வொரு கம்பெனி பஸ் போறப்பவும் எனக்குத் தூக்கிவாரிப் போடுது. பன்னெண்டே காலுக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு. ஐம்பது வயசு இருக்கும். திருநெல்வேலிக்காரரு. பேரு பிச்சையா. கையில ஃபைலு, போனை நிறுத்தி வெக்கிற ஸ்டாண்டு. போனை என் வண்டிக்கு எதுர்ல ஸ்டாண்டுல மாட்டினாரு.

"எல்லாம் பதிவாகும், பாத்துக்கிடுங்க. கேக்கதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லணும். வண்டியை எங்க நிப்பாட்டியிருந்தீய?"

"வாலாஜாபாத் ரோடு சார். பாய் பிரியாணிக் கடை வாசல்ல."

"ஞாயித்துக்கிழமை அங்க என்ன சோலி?"

உண்மையைச் சொல்றது இவ்ளோ சொகமா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நாலு மாசமா அடைச்சு வெச்ச தண்ணி. தொறந்ததும் கொட்டிடுச்சு.

"பிரியாணி சாப்பிட சார். எல்லா ஞாயித்துக்கிழமையும் போவேன். வூட்டுல குன்றத்தூர் மலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன். அந்த விபூதி கூட டேங்க் கவர்லதான் கீது, பாருங்க. எனக்கு சுகர். பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். ஆனா பீஸு ஒவ்வொண்ணும் பஞ்சு மாதிரி சார். நீங்க போனா என் பேரைச் சொல்லுங்க, எக்ஸ்ட்ரா முட்டை வெப்பாரு."

பிச்சையா சார் எழுதிக்கினே தலையை ஆட்டினாரு. எழுதி முடிச்சாரு. அப்புறம் போனைப் பார்த்து, ரொம்ப மரியாதையா கேட்டாரு:

"ஏம்மா, உங்களுக்கு எல்லாம் தெளிவா கேட்டுச்சா?"

போன்லேர்ந்து ஒரு குரல் வந்திச்சு. "நல்லா கேட்டுச்சு சார்."

போனைத் திருப்பிக் காட்டினாரு. அதுல சசிரேகா. யூனிஃபார்மோட.

"வண்டிக்கு ஓனர் அம்மா இல்லியா? அவிய லைன்ல இருக்கணும். நடந்த எடத்தையும் நான் பாக்கணும்னேன். பாவம், அவியளே அங்க போயி காலையில இருந்து காட்டிக்கிட்டு இருக்காவ."

"சசி! நீ... பஸ் ஏறிப் போனியே!"

"ஏறினேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கிட்டேன். இன்னிக்கு லீவு."

"இப்ப எங்க கீற?"

அவ போனைக் கொஞ்சம் நகத்தினா. பின்னால பெரிய தேக்சா. மூடி மேல தணல். "உங்க அன்னதானத்துல."

பிச்சையா சார் தொண்டையைக் கனைச்சாரு. "அம்மா, உங்ககிட்ட குன்றத்தூருன்னு சொல்லியிருக்காரு. என்கிட்ட வாலாஜாபாத்துங்காரு. ஓனர் நீங்க. எது நெசம்னு நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும். இல்லைன்னா ஃபைலை மூடிட வேண்டியதுதான்."

ஃபிரடி தம்பி ஸ்பானரைக் கீழ வெச்சுட்டாரு. சசிரேகா திரும்பிக் கடைக்காரரைப் பார்த்தா. நான் போனைப் பார்த்துக் கும்பிட்டேன். நெஜமாவே ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன்.

"இங்க நடந்ததுதான் சார் நெஜம். கடைக்காரரும் பார்த்திருக்காரு. எழுதிக்குங்க."

மூச்சு வந்திச்சு. அப்புறம் அவ என்னைப் பார்த்தா.

"கிளெய்ம் பதிஞ்ச நிமிஷமே எடத்தோட எனக்கு மெசேஜ் வந்திடுச்சுய்யா. பாலிசியில இருக்குற நம்பர் என்னுதுதானே? தெரிஞ்சிக்கினுதான் அஞ்சு ஏன் கேட்டேன். அஞ்சுல ஒண்ணுலயாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். முன்னப் பின்ன தெரியாத மனுஷன்கிட்ட அஞ்சே நிமிஷத்துல எல்லாத்தையும் கொட்டுறீங்க. நான் இன்னா உங்களை அடிச்சா போடப்போறேன்? எங்கப்பா காலு மாதிரி உங்க காலும் போயிடக்கூடாதுன்னு பயந்துக்கினு ராத்திரியெல்லாம் தூங்காம கெடக்கிறேன்யா."

கடைசி வார்த்தையில அவ குரல் ஒடஞ்சிடுச்சு. எனக்கு வெக்கமா போச்சு. பிச்சையா சார் வேற பக்கம் திரும்பி டேங்கை அளந்துக்கினு இருந்தாரு. "தப்புதான் சசி"ன்னேன். என் மேல தப்பே இல்லாத விபத்துல கடைசியில மன்னிப்புக் கேட்டவன் நான்தான்.

கிளெய்ம் பாஸ் ஆயிடுச்சு. வண்டி புதுசாட்டம் வந்திடுச்சு. இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்துதான் குன்றத்தூர் போறோம். பத்து வாட்டி. நான் ஏறுறேன், அவ கீழ உக்காந்து எண்ணுறா. ஒம்போதுல நிறுத்தினா ஒத்துக்க மாட்டேங்குறா. சுகர் நூத்தி நாப்பதுக்கு எறங்கிடுச்சு.

போன வாரம் பத்தும் முடிச்சு, நாக்குத் தள்ள வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். "நேரா வாலாஜாபாத் ரோடு விடுங்க"ன்னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திடுச்சு. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்னு நெனச்சுக்கினு பறந்தேன். கடை வாசல்ல எறங்கினதும், பாய் எல கழுவ ஆரம்பிச்சாரு. நானும் கையைக் கழுவப் போனேன்.

சசிரேகா ஹெல்மெட்டைக் கழட்டி என் கையில குடுத்தா. "எனக்கு மட்டுந்தான் பாய். நீங்க வண்டிகிட்டயே நில்லுங்க, போன வாட்டி பக்கத்துல ஆளில்லாமத்தானே இடிச்சான்."