பெரியப்பாவின் மொட்டை மாடிக்கு மேலே

படித்த பாடத்தில் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவனைப் போன்ற தைரியசாலி உலகத்தில் கிடையாது. தொண்ணூறுகளில், புதிதாக வக்கீல் கோட்டு மாட்டிய நான் அப்படிப்பட்ட வீரன். என்னை நம்பி வந்த முதல் கட்சிக்காரர், என் சொந்தப் பெரியப்பா. (வேறு யார் வருவார்கள்?)

விவேக் நகரில் அவர் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழ இறங்கும். "பாத்திரமெல்லாம் ஆடுதுடா, ஏதாவது செய்" என்றார். நிலம் யாருடையதோ, மேலிருக்கும் வானமும் அவருடையதே என்று கல்லூரியில் கேட்ட ஞாபகம். (அந்த வகுப்பின் பின்பாதியில் நான் கேன்டீனில் இருந்தேன்.) உடனே நோட்டீஸ் அனுப்பினேன்: 'என் கட்சிக்காரரின் வானத்தில் அத்துமீறி நுழைவதை நிறுத்துக!'

விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். பெரியப்பாவோடும் வீட்டுப் பத்திரத்தோடும் போனேன்.

அங்கிருந்த அதிகாரி ஓர் அம்மையார். சிரிக்கவில்லை. பத்திரத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"கிழக்கே ரோடு, மேற்கே அந்தோணி வீடு... நாலு எல்லையும் இருக்கு சார். மேல எல்லை எங்க?"

பத்திரத்தை நானும் எட்டிப் பார்த்தேன். "அது... வானம் வரைக்கும் மேடம்."

"மாடி, தண்ணி டேங்க், ஆன்டெனா, நீங்க புழங்கற உயரம் உங்களது. பிளேன் போற வானம் நாட்டோடது சார்."

அதற்குள் போன் அடித்தது. "ஒந்து நிமிஷ" என்று கன்னடத்தில் எங்களிடம் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு எடுத்தார். வெளிநாட்டுச் சரக்கு விமானம் ஒன்று, அனுமதி எண் இல்லாமலே இங்கே வரக் கிளம்பி நிற்கிறதாம். குரலை உயர்த்தாமல், "நம்பர் வர்ற வரைக்கும் கிளம்ப வேணாம்னு சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

பெரியப்பா வாயைப் பிளந்தார். "அவ்ளோ பெரிய பிளேன், நீங்க சொன்னா நின்னுடுமா?"

"நான் இல்லீங்க, நாடு சொல்லுது. அதுல நீங்களும்தானே இருக்கீங்க? உங்க சார்பா நான் வாசல்ல உக்காந்திருக்கேன், அவ்ளோதான்."

பெரியப்பா எழுந்து கும்பிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மன்னிச்சுக்கோங்க மேடம், பையன் புதுசு" என்று, என் கையாலேயே நோட்டீசைக் கிழிக்க வைத்தார். என் கட்சிக்காரர் எதிர்க்கட்சிக்குத் தாவியதைக் கண்ணால் பார்த்தேன்.

அந்த அம்மையார் வாசல் வரை வந்து, "நோட்டீஸ்ல இங்கிலீஷ் ரொம்ப நல்லாயிருந்தது சார்" என்றார். இத்தனை வருடங்களில் எத்தனையோ பேரிடம் தோற்றிருக்கிறேன். அவ்வளவு மரியாதையாக என்னைத் தோற்கடித்தவர் வேறு யாருமில்லை.

இன்றும் வீட்டு விசேஷங்களில் புதுச் சம்பந்திகளிடம் பெரியப்பா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"நம்ம தம்பி பையன், வக்கீல். முதல் கேஸ்லயே இந்தியாகிட்ட தோத்தவன். சின்ன ஆளுங்ககிட்டல்லாம் தோக்க மாட்டான்."