பதினைந்து கிலோ அரிசியும் ஒரு மலையேற்றப் பயிற்சியும்

எதையும் அளவாகச் செய்யத் தெரியாதவன் நான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் என் மனைவி கலா கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு தடவையாவது மலையில நடந்து பாக்கணுங்க." இரண்டு நாள் ட்ரெக்கிங். அதற்கு ஆபீஸில் லீவு வாங்குவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "மத்த ஏற்பாடெல்லாம் நான் பாத்துக்குறேன்" என்றேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

ஒரு வாரம் வீடியோக்களாகப் பார்த்தேன். முதுகில் எடையோடு நடந்து பழக வேண்டுமாம். நடக்கும்போது பேசவே கூடாதாம். இலுப்பூரில் எடைக்கு எங்கே போவது? சமையலறையில் இருந்த பதினைந்து கிலோ அரிசியை அப்படியே பைக்குள் திணித்து, புது பூட்ஸை மாட்டிக்கொண்டு, விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

இரண்டு கிலோமீட்டருக்குள் பூட்ஸ் குதிகாலைக் கடித்துக் குதறியது. கண்ணில் தண்ணீர். அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாப்பில் கலாவின் சித்தப்பா.

"என்ன மாப்பிள்ள, மூட்டை முடிச்சோட எங்கிட்டுப் போறீங்க?"

பேசக்கூடாதே! கையை உயர்த்தி வானத்தைக் காட்டினேன். (மலைக்கு என்று அர்த்தம்.) நிற்காமல் நடந்தேன்.

அவர் உடனே அரிமளத்தில் இருக்கும் என் மாமனாருக்குப் போன் போட்டிருக்கிறார். மாமியார் பதறிப்போய் மகளை அழைக்க, உலையை வைத்துவிட்டு அரிசியைத் தேடிக்கொண்டிருந்த கலா கடுப்பில், "அவரா? ஒரு பிடி அரிசி வைக்காம எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு நொண்டிக்கொண்டு திரும்பினால், வாசலில் வேன். வீட்டுக்குள் ஏழு பேர். ஆபீஸ் போக முடியாமல் முறைத்தபடி கலா.

"எம்மக மேல என்ன கொறை கண்டீங்க?" என்று மாமியார் மூக்கைச் சிந்தினார்.

"ஐயோ அத்தை, ட்ரெக்கிங் போறோம். அதுக்குப் பழகுனேன்."

"அப்படின்னா?"

"மலை ஏறுறது."

"எந்தக் கோயிலு?"

"கோயில் இல்ல. சும்மா ஏறி எறங்குறது."

மாமனார் பெருமூச்சு விட்டார். "சாமி இல்லாத மலைக்கு யாராச்சும் போவாகளா மாப்பிள்ள? எதையும் மறைக்காதீங்க."

எத்தனை முறைதான் சொல்வது! பொறுமையிழந்து பூட்ஸைக் கழற்றினேன். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து தொங்கியது. மாமியார் அதைப் பார்த்துவிட்டுக் கலாவிடம் திரும்பினார்.

"கால் தேய நடந்துருக்காரேடி! அப்படி என்னத்தைச் சொன்ன அவரை?"

"மலைக்குப் போவோம்னு சொன்னேன்" என்றாள் கலா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கிளம்பும் நாளில் செருப்புக்குள்கூட என் கால் நுழையவில்லை. வாங்கிய லீவை விட மனமில்லாமல் தங்கையைக் கூட்டிக்கொண்டு கலா போனாள். வெயிலில் கறுத்து, வாயெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள். அந்த இரண்டு நாளும் மாமியார் எனக்குக் காவல் இருந்தார். கொல்லைப்பக்கம் போனால்கூடப் பின்னாலேயே வந்தார்.

அடுத்த வருடம் கலாவின் தங்கை வீட்டுக்காரர் ஏதோ சண்டையில் கோபித்துக்கொண்டு அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அக்கம்பக்கத்தில் விசாரித்தவர்களுக்கெல்லாம் மாமியார் பதறாமல் பதில் சொன்னாராம்:

"சின்ன மாப்பிள்ளயா? ட்ரெக்கிங் போயிருக்காரு. பசிச்சா வந்துருவாரு."