நண்டுக்கு வீட்டுத்திட்டம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ‘ர’வுக்கும் பெரிய ‘ற’வுக்கும் நடுவில் எனக்கு இன்னும் வழக்குத் தீரவில்லை. பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் ஒரு மரத்துக்காகக் கலியாணச் சோற்றை வேண்டாம் என்றவர் கண்டலர் ஒருவர்தான். உப்புத் தண்ணீரில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்கள்மேல் அவருக்கு இருந்த பைத்தியத்தால் வந்த பேர் அது. சொந்தப் பேர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். நானும் அவரும் ஒரே தோணியில் இறாலுக்கு வலை வீசினோம். அவர் கதைப்பார், நான் கேட்பேன். எனக்கு அது வசதி.

கலியாண வீட்டில் அவர் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார். பந்தல் கால்களை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்.

“அண்ணர், தாலி கட்டுற நேரம், பந்தலை விடுங்கோ!” என்று பெண்ணின் தகப்பன் கும்பிட்டார்.

“இது கண்டல் கால். இதுக்குக் கீழ இருந்து நான் சாப்பிடமாட்டன்.”

சாப்பிடவில்லைதான். வெளியே வெயிலில் கதிரையைப் போட்டுப் பாயாசம் மட்டும் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

பிறகு எங்கள் கரைக்கு ஒரு பாதை போட வந்தார்கள். வரைபடத்தில் அது கண்டல் காட்டின் நடுவால் ஓடியது. ஓர்ஸ் ஹில் அரசாங்கக் கந்தோரில் கூட்டம். கண்டலர் எழும்பினார்.

“கொஞ்சம் வளைச்சுப் போடேலாதோ?”

அதிகாரி நல்ல மனிதர். “ஐயா, உங்களுக்குப் பாதை வேண்டாமோ?”

“வேணும். என்ர மனிசிக்கு நெஞ்சு நோ வந்து தோணியில கொண்டு போனனான். ஆர் வேண்டாமெண்டது? வளைச்சுப் போடுங்கோ.”

தேத்தண்ணி குடிக்கும்போதும் அதையே சொன்னார். வாசற் காவலாளியிடமும் சொன்னார்.

வளைத்தார்கள்! மீதிக் காட்டைத் தொடக்கூடாது என்று பாதைக்கான அனுமதியில் நிபந்தனையும் போட்டார்கள். கரையில் பலகை நட்டார்கள்: ‘பாதுகாக்கப்பட்ட வாழிடம்.’ கண்டலர் அதைத் தன் இடுப்புச் சாரத்தின் தலைப்பால் துடைத்தார்.

அந்தச் சொல்தான் கெடுத்தது. கந்தோரில் வாழிடம் என்றால் நண்டும் இறாலும் வாழும் இடம். எங்கள் சனத்துக்கு அது சனம் வாழும் இடம். குடியிருக்க அரசாங்கம் காணி விட்டிருக்கிறது என்று கதை பரவியது. ஒரு நாள் தோணியைத் திருப்பிக்கொண்டு வருகிறோம், கத்தியும் கயிறுமாகச் சனம் காட்டுக்குள் நிற்கிறது. பாதி வெட்டியாகிவிட்டது.

“தங்கச்சி, அந்தப் பலகை நண்டுக்குப் போட்டது.”

கைப்பிள்ளையோடு நின்ற பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நண்டுக்கு வீட்டுத்திட்டமோ? வாடகை வீட்டால எழுப்பிப்போட்டாங்கள் எண்டு கந்தோர் கந்தோரா நடந்தனான். தெரிஞ்சிருந்தா நண்டாப் பிறந்திருப்பனே!”

எல்லோரும் சிரித்தார்கள். கண்டலர் சிரிக்கவில்லை.

மிஞ்சியதையாவது காப்பாற்ற, அந்தச் சொல்லை மாற்றச் சொல்லி ஓர்ஸ் ஹில்லுக்கு ஓடினார்.

“மேலிடத்து அனுமதி வரவேணும், ஐயா.”

“தம்பி, ரோட்டையே வளைச்சனீங்கள். ஒரு சொல்லை மாத்த ஏலாதோ?”

ஏலவில்லை. அனுமதி வருமுன் காடு முடிந்தது. பிறகு பொலிஸ் வந்து சனம் போட்ட கொட்டில்களையும் பிடுங்கியது. நண்டுக்கும் இல்லை, சனத்துக்கும் இல்லை. கைப்பிள்ளைக்காரியின் சட்டி பானைகளைக் கண்டலரே தூக்கி வந்து, தன் வீட்டு வளவில் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார். வெட்டிக் கிடந்த கண்டலைத்தான் அதற்குக் காலாக நட்டார். அதன் பிறகு தோணியில் அவர் கதைக்கவில்லை. எனக்கும் பேச்சைத் தொடங்கத் தெரியவில்லை.

போன மாரியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது பஸ் அந்த இடத்தில் வெறும் சேற்றைச் சுற்றி வளைந்து போகிறது. “ஒண்டுமில்லாத இடத்தில எந்த விசரன் ரோட்டை வளைச்சவன்?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

பஸ்ஸில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை.

“எங்கட அண்ணர்,” என்றேன்.

எழுதி முடித்தது: மாசி மகத்துக்கு அடுத்த நாள்.