எல் என்றால் லோகாம்பாள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது லோகாம்பாளேதான். எழுபதாம் வருஷம், தை மாதம் இரண்டாம் வெள்ளி. காமாட்சியம்மன் கோயில் குளத்துப் படியில் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே சொன்னாள். அம்பாள் காதில் விழுகிற தூரத்தில் சொன்னது, அதனால் பொய் இருக்காது. எங்கேயாவது ஒரு இழை கூடுதலாகத் தெரிந்தால் அது நான் சேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லோகாம்பாளின் வீட்டுக்காரர் ராஜவேலு. பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி. கைவேலை அவ்வளவு சுத்தம். அவர் நெய்த சேலையில் ஒரு இழை தப்பியதாகப் பேச்சே கிடையாது. அந்தப் பெருமையையெல்லாம் அவர் மீசையில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது முறுக்கிவிட்டுக்கொள்வார். லோகாம்பாளுக்கும் பெருமைதான். "எங்க வூட்டுக்காரரு கை பட்டா எதுவும் சரியா வரும்" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் அந்த மீசை அவ்வளவு வளர்ந்தது.

முந்தின வருஷம் ஆவணியில் ஒரு புதன்கிழமை ராஜவேலு சைக்கிள் வாங்கப் போனார். தணிகாசலம் கடையில் இருக்கிறதிலேயே மலிவான சைக்கிள். மணி கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது. சைக்கிள் என்று சொல்ல எது எது வேண்டுமோ அது மட்டும் இருந்தது. அதுவும் தனித்தனியாக, சாக்கில் சுற்றி.

"சனிக்கிழமை வாப்பா, பூட்டி வைக்கிறேன்" என்றார் தணிகாசலம்.

"நானே பூட்டிக்கிறேன்."

"நீ தறிக்காரன்பா. இது சைக்கிளு."

அந்த ஒரு வார்த்தை போதும். மீசை மேலே போனது.

"என் தறியில எத்தினி இழை ஓடுது தெரியுமா? நாலாயிரத்துக்கு மேல. ஒண்ணு மாறினா சேலை பாழ். அதையே பூட்டறவன் நான். இதுல எண்ணினா ரெண்டு சக்கரம். கேட்டுக்கோ. இந்த சைக்கிள் மேல வேற ஒருத்தன் கை படாது. வெள்ளிக்கிழமை காலையில உன் கடை முன்னாடி மணி அடிச்சிக்கினு போவேன்."

"மணி தனியா வாங்கணும்பா."

"வாயால அடிச்சிக்கிறேன்."

கடையில் காற்றடிக்க வந்த மூன்று பேர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளையார்பாளையத்துக்கு மூன்று பேர் அதிகம். சாக்கு வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் சபதம் வந்து சேர்ந்துவிட்டது.

லோகாம்பாள் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கேரியர் எங்கங்க?"

"இல்ல."

"கடைக்காரரு மறந்துட்டாரா?"

"நான்தான் வேணாம்னேன். கேரியர் வச்சா அது சைக்கிள் இல்லமே, மாட்டுவண்டி. இன்னிக்கி நீ ஏறுவ. நாளைக்கி உங்க அக்கா ஏறும். அதுக்கும் மறுநாள் உங்க அக்கா மூட்டை ஏறும்."

"எங்க அக்கா வாலாஜாபாத்துல இல்ல இருக்குது."

"அதான் பயமே. சைக்கிள் இருக்குதுன்னு தெரிஞ்சா பஸ்ஸ்டாண்டுல எறங்கி நின்னுக்கினு ஆள் அனுப்பும்."

லோகாம்பாளுக்குக் குதிகால் வலி. காமாட்சியம்மனை வெள்ளி தவறாமல் பார்க்கிறவள் அவள். நாலு மாதமாகக் காலை ஊன்ற முடியாமல் பாதி வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று அவர் வாயைத் திறந்த அன்றே மனசுக்குள் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து நாலு தடவை கோயிலுக்குப் போய் வந்தாயிற்று.

"காலு வலிக்குதுங்க. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும்..."

"பொண்டாட்டிய பின்னாடி குந்தவச்சிக்கினு ராஜவீதியில போனா, நெசவாளர் சொசைட்டில எவனாவது என்னை மதிப்பானா?"

லோகாம்பாள் சாமி விளக்கைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். எதையும் அம்பாளிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவது அவள் வழக்கம். அன்றைக்கு வேலை இருந்தது. ஒரு சேலை அறுத்து முடித்துத் தறி காலியாக இருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்கவேண்டும். அவள் தறிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முன்னால், தறிக்குழியின் குறுக்கே பலகை போட்டு, பின் சக்கரம் குழிக்குள் தொங்கும்படி ராஜவேலு சைக்கிளை நிறுத்தினார். ஸ்டாண்டு இல்லாத சைக்கிளுக்கு இதைவிட நல்ல ஸ்டாண்டு கிடைக்காது. அந்த யோசனை தோன்றியபோதே இரண்டு தடவை மீசையை முறுக்கிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு சபாபதி ஸ்பேனர் இரவல் கொடுத்தார். ஸ்பேனரோடு அவரும் வந்தார். அவரோடு அவர் வாயும் வந்தது.

முதலில் செயின். பாவு தொய்யக் கூடாது என்பது ராஜவேலுவின் இருபது வருஷத் தொழில். செயினையும் பாவு மாதிரியே இழுத்து விறைப்பாகப் பூட்டினார். விரலால் தட்டினால் தம்புரா மாதிரி சத்தம் வந்தது. சக்கரம்தான் சுற்றவில்லை.

"புது சைக்கிள் இல்ல, வெக்கப்படுது" என்றார் சபாபதி.

லோகாம்பாள் இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ராட்டைக் கயித்த ரொம்ப இழுத்துக் கட்டினா ராட்டை நவுராது. கொஞ்சம் தொங்கல் உட்டாத்தான் சுத்தும்."

"இப்ப யாரு ராட்டைய பத்தி பேசினாங்க?"

"நான்தான். சும்மா சொன்னேன்."

அரைமணி நேரம் போனது. ராஜவேலு தொடையைத் தட்டினார். "சபாபதி, எனக்கு ஒரு யோசனை வந்துருக்குதுபா. செயினுக்குக் கொஞ்சம் தொங்கல் உடணும்."

சக்கரம் சுற்றியது. மீசையும் சுற்றியது.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் ஹேண்டில்பார் ஏறியது, சீட்டு ஏறியது, பிரேக் பிடித்தது. சீட்டைத் தன் மதிப்புக்குத் தகுந்த உயரத்தில் வைத்தார். கால் எட்டவில்லை. மதிப்பை ஒரு சாண் இறக்கினார். எல்லாம் முடிந்து மூன்று வாஷர் மிச்சம் இருந்தது. "கம்பெனிக்காரன் தாராளமா போட்டிருக்கான்" என்று அதை மடியில் செருகிக்கொண்டார்.

பாக்கி இருந்தது இரண்டு பெடல்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்த வீட்டில் ஒரு பித்தளை அண்டா உண்டு. கல்யாணச் சீராக வந்தது. அதன் கழுத்தில் R.L. என்று வெட்டியிருக்கும். ஆர் என்றால் ராஜவேலு, எல் என்றால் லோகாம்பாள். அந்த வீட்டுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் அந்த அண்டாவில்தான் இருந்தது.

ராஜவேலு ஒரு பெடலைத் திருப்பிப் பார்த்தார். அதன் தண்டில் R என்று அடித்திருந்தது.

"சபாபதி, இங்க பாரு. என் பேரு."

"உம் பேரு கம்பெனிக்கு எப்படிபா தெரியும்?"

"நல்ல தறிக்காரன் பேரு எங்கியும் தெரியும்."

அந்தப் பெடலை வலது பக்கம் வைத்து வலப்பக்கமாகத் திருகினார். சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்தது. அடுத்ததை எடுத்தார். L.

"மே, உம் பேரும் போட்டிருக்கான்."

லோகாம்பாள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். அண்டாவில் இருக்கிற அதே எழுத்து. அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அதை இடது பக்கம் வைத்து, முந்தினது மாதிரியே வலப்பக்கமாகத் திருகினார். பிடிக்கவில்லை. எண்ணெய் விட்டுத் திருகினார். பல்லைக் கடித்துத் திருகினார். சபாபதி சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, இவர் குழிக்குள் இறங்கி நின்று திருகினார். வழுக்கி வழுக்கி வெளியே வந்தது.

"மறை சரியில்லபா" என்றார் ராஜவேலு.

"யாருக்கு?"

"பெடலுக்கு."

"நான் அதான் கேட்டேன். பேசாம தணிகாசலம் கடைக்குத் தள்ளிக்கினு போயிடு."

"உசிரு போனாலும் போமாட்டேன்."

"அப்ப காலையில ஒத்தப் பெடல்லதான் மணி அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு சபாபதி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ராஜவேலு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். மீசை ஈரம் படுவதற்கு முன்பே தொங்கியிருந்தது. அதைப் பார்க்க லோகாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. அந்த எல் பெடலை எடுத்து மறையின் மேல் விரலை ஓட்டினாள். பட்டில் வல முறுக்கு இழை உண்டு, இட முறுக்கு இழை உண்டு. இட முறுக்கு இழையை வலப்பக்கம் திரித்தால் பிடிக்காது, பிரிந்துபோகும். பதினைந்து வருஷமாகப் பாவு சேர்க்கிற விரலுக்கு அதைக் கண்ணால் பார்க்கவேண்டிய அவசியமில்லை. ஆரில் மறை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, எல்லில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

வைத்து இடப்பக்கமாகத் திருகினாள். விரலுக்கு வலிக்காமல் நாலு சுற்று உள்ளே போனது.

அப்படியே விட்டிருக்கலாம். கை விடத் தயாராகத்தான் இருந்தது. குதிகால் விடவில்லை.

திரும்பக் கழற்றிச் சாக்கின் மேல் பழையபடி வைத்தாள். விளக்கேற்றினாள். ராஜவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பெடலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இன்னாங்க, எல்லுன்னா என் பேருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா. உன்ன மாதிரியே அழுத்தம்."

"அப்ப என் கை படணுமோ இன்னாவோ."

"வேற ஒருத்தன் கை படாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்மே."

"ஒருத்தன்னுதான சொன்னீங்க. நான் ஒருத்தி."

ராஜவேலு யோசித்தார். சபதத்தைத் தறியில் போட்டு இழை இழையாகப் பார்த்தார். பழுது இல்லை.

"சரி, திருகு."

"சும்மா எப்படி? கண்ண மூடிக்கினு அம்பாள வேண்டிக்கோங்க. இது ஏறிச்சுன்னா இன்னா செய்வீங்க?"

"தேங்கா ஒடைக்கிறேன்."

"அம்பாளுக்குத் தேங்காய்க்கா பஞ்சம்?"

"வேற இன்னாதான் செய்யறது?"

"வெள்ளிக்கு வெள்ளி வந்து பாக்கிறேன்னு சொல்லுங்க."

"வந்து பாக்கிறேன்."

"ஒண்டியாவா?"

ராஜவேலு ஒரு கண்ணைத் திறந்தார். சாக்கின் மேல் பெடல் கிடந்தது. நாளைக் காலையில் தணிகாசலம் கடை வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜோடியா வரேன், தாயே."

"ஜோடின்னா கேரியர் வேணுமே."

"கேரியர் போட்டுக்கினு வரேன், தாயே. நீ திருகுமே மொதல்ல."

அவள் மனசார அம்பாளை நினைத்துக்கொண்டு திருகினாள். அவர் கண்ணைத் திறந்தபோது பெடல் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர் எழுந்தார். சைக்கிளைச் சுற்றி வந்து விழுந்து கும்பிட்டார். கும்பிட்டது அம்பாளையா, சைக்கிளையா, அவளையா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் ஒரே பக்கம்தான் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ராஜவேலு வாயால் மணி அடித்துக்கொண்டு கடை முன்னால் போனார். தணிகாசலம் கையைக் காட்டி நிறுத்தி, செயினைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், கடைசியில் இடது பெடலை அசைத்துப் பார்த்தார்.

"இத நீயேவா மாட்டின? புதுசா பூட்டறவன் எல்லாம் இதுலதான்பா முழிப்பான்."

ஏன் என்று கேட்க ராஜவேலுவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். விழுங்கிவிட்டார்.

"நான் எதுலயும் முழிக்கமாட்டேன். ஒரு கேரியர் குடு."

"யாருக்கு?"

"அம்பாளுக்கு."

அன்று சாயங்காலம் லோகாம்பாள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ராஜவீதியில் கேரியரில் உட்கார்ந்து போனதை நானே என் கண்ணால் பார்த்தேன். தேரில் வருகிற மாதிரி இருந்தது. சொசைட்டி வாசலில் நின்றவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். "வேண்டுதல்பா" என்று அவர் சொன்னதும் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

புரட்டாசியில் ஒரு வெள்ளி மட்டும் ராஜவேலு கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். "தறியில வேலை இருக்குது, இன்னிக்கி நீ நடந்து போயிட்டு வா." லோகாம்பாள் சரி என்றாள். அவர் பல் துலக்கப் போன நேரத்தில் எல் பெடலை வலப்பக்கம் மூன்று சுற்றுத் தளர்த்தி வைத்தாள். டீ குடிக்கப் போனவருக்குத் தெருமுனையில் பெடல் கழன்று காலோடு வந்துவிட்டது. துண்டுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு, வேர்த்து வழிய, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மே, எல்லு கோவிச்சிக்கிச்சு."

"எந்த எல்லு?" என்றாள் லோகாம்பாள்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளியும் தவறவில்லை. ஆயுத பூஜைக்குத் தறிக்குப் பொட்டு வைத்தவர், இடது பெடலுக்கும் வைத்தார். பொட்டு வைத்த இடத்தில் செருப்புக் காலை வைக்கலாமா? அன்று முதல் இடது கால் செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டுதான் சைக்கிள் ஓட்டுகிறார். கேட்கிறவர்களிடம், "கம்பெனியே பேரு போட்டு அனுப்பின சைக்கிள்பா. எங்க ரெண்டு பேரு கை பட்டாத்தான் கேக்கும்" என்று மீசையை முறுக்குகிறார். இதுவரை மெக்கானிக் யாரையும் கிட்டே சேர்த்ததில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏன் லோகா, அம்பாள் பேரைச் சொல்லிப் பொய் சொல்லலாமா?" என்று படியிலேயே கேட்டேன்.

"நான் எங்க பொய் சொன்னேன்க்கா? வேண்டிக்கினேன். முறுக்கினேன். ரெண்டுல எது வேலை செஞ்சுதுன்னு அவருதான் கேக்கவேயில்ல."

குளத்துக்கு அந்தப் பக்கம் ராஜவேலு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் செருப்போடு, அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து அவள் முகத்தில் வந்த பெருமையைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. நான் சன்னிதிப் பக்கம் திரும்பி, "தாயே, நீதான் பொறுத்துக்கணும்" என்றேன். பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து என் பெரிய மகனிடம் கேட்டேன். எல் என்றால் இடது, ஆர் என்றால் வலது, எல்லா சைக்கிளிலும் அப்படித்தான் போட்டிருக்கும் என்றான். ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு செருப்பைக் காலிலும் ஒரு செருப்பை ஹேண்டில்பாரிலும் மாட்டிக்கொண்டு வருகிற ஒருவரைப் பார்த்தால், அந்த எழுத்துக்கு அர்த்தம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.