மீனுக்குக் கருமாதி

வால்நட்சத்திரம் வந்தது. போனது. உலகம் அழியவில்லை. திருநெல்வேலி டவுனுக்கு இதில் பெருத்த ஏமாற்றம். எப்படியும் அழியப்போகிறதே என்று அந்த வருஷம் வடகமும் மாவடுவும் போடாமல் விட்ட பெண்களுக்கு ஆத்திரம் வேறு. உலகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் பயந்து பழகிவிட்ட நெஞ்சு சும்மா இருக்குமா? பயப்பட இன்னொன்று வேண்டியிருந்தது.

வேண்டியதைக் கொண்டுவந்து கொடுக்க நம் நாட்டில் ஆளுக்கா பஞ்சம்! மச்சானந்த சுவாமிகள் கீழரத வீதியில் ஒரு வீட்டைப் பிடித்து இறங்கினார். இடுப்பு வரை தாடி, கழுத்தில் சங்குமாலை, கூடவே மாடக்கண்ணு என்றொரு சீடன். கூடம் முழுக்க வரிசை வரிசையாகக் கண்ணாடிச் சாடிகள்.

பாபநாசத்துப் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டால் பாவம் போகும் என்பது தாமிரவருணிக் கரை நெடுகிலும் உள்ள நம்பிக்கை. ஆனால் அவ்வளவு தூரம் போக ரயில் வேண்டும், வண்டி வேண்டும், கட்டுச்சோறு வேண்டும். சுவாமிகள் அந்தத் தொல்லையைத் தீர்த்துவைத்தார். பாபநாசத்தையே சாடியில் அடைத்துக் கொண்டுவந்துவிட்டார். மீன்கள் என்னவோ பக்கத்து நயினார்குளத்தில் மாடக்கண்ணு வேட்டியை விரித்துப் பிடித்தவைதான். மீனின் ஜாதகத்தை யார் பார்த்தார்கள்?

முறை ரொம்பச் சுலபம். ஒரு குடும்பத்துக்கு ஒரு சாடி, ஒரு கெண்டைக் குஞ்சு. குடும்பத்தின் பெயரைச் சொல்லி மூன்று பிடி பொரி போட வேண்டும். சுவாமிகள் மஞ்சள் பட்டால் சாடியின் வாயைக் கட்டிவிடுவார். மூன்றாம் நாள் அவிழ்ப்பார். வீட்டில் பாவம் இருந்தால் மீன் அதை விழுங்கிச் செத்துக் கிடக்கும். தண்ணீர் வெளுத்து நாறும். அது கரைந்த பாவத்தின் நாற்றம்.

செத்த மீனைச் சும்மா விடலாமா? உங்கள் பாவத்துக்காக உயிர் விட்ட ஜீவனாயிற்றே! அதற்குக் கருமாதி. வேட்டி, பச்சரிசி, நெய், தட்சிணை. மனிதன் செத்தால் தூக்குவதற்கு நாலு பேரைத் தேடுகிற ஊரில், கெண்டைக் குஞ்சுக்காகப் பெரிய மனிதர்கள் மீசையை மழித்துக்கொண்டு நின்றார்கள்.

சில பணக்கார வீடுகளின் மீன் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. முன்கூட்டியே தனிக் காணிக்கை வைத்த சாடிகளில் மாடக்கண்ணு பொரியை வெளியே வாரிப்போட்டுவிட்டுத் தண்ணீரை மாற்றுகிறான் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் நாஸ்திகர்கள். அவர்கள் பேச்சு நமக்கெதற்கு?

மேலரத வீதியில் இருந்த சொர்ணாம்பாள் ஒருநாள் சாடி பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் காலைக் கழுவவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, நேரே மருமகள் நீலாம்பாளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, மீனு செத்துப்போச்சு. இந்த வீட்டுப் பாவம் வெளிய இருந்து வந்ததுன்னு சாமி சொல்லிட்டாரு."

எந்த வீட்டில் மருமகள் வெளியே இருந்து வராமல் கொல்லையிலேயே முளைக்கிறாள்? சுவாமிகளின் ஞானதிருஷ்டி எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

"அத்தை, நீங்களும் வெளிய இருந்து வந்தவியதான?" என்றாள் நீலாம்பாள்.

"நான் வந்து நாப்பது வருசமாச்சு. என் பாவமெல்லாம் தேஞ்சிருக்கும். நீ வந்து ஆறு வருசத்துல ஒரு புழு பூச்சி உண்டா? ஒன்னைப் பொறந்த வீட்டுக்கே, பத்தமடைக்கு அனுப்பிட்டு அவனுக்கு வேற முடிச்சாத்தான் வமுசம் தழைக்குமாம். ராதாபுரத்துல ஒரு பொண்ணு இருக்காம். சாமியே சொன்னாரு."

நீலாம்பாள் கணவனைப் பார்த்தாள். வக்கீல் குமாஸ்தா அம்மையப்பன் கோர்ட்டுக் கச்சேரியில் நாலு பேர் நடுவே வாய் கிழியப் பேசுவான். வீட்டில் அம்மை முன்னால் அவன் வாய்க்குப் பூட்டு.

"நீங்க என்ன சொல்லுதிய?"

"அம்மை சொல்லுதா... நான் என்ன செய்ய?" என்று அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. ஆறு வருஷம் இந்த வீட்டுக்கு உழைத்தவளை ஒரு கெண்டைக் குஞ்சு துரத்துவதா? அழுவதைத் தள்ளிவைத்துவிட்டு, ஜன்னலருகே இருந்த தன் கண்ணாடித் தொட்டியின் முன்னால் போய் நின்றாள்.

அந்தத் தொட்டி அம்மையப்பன் வாங்கியது. பாளையங்கோட்டையில் ஒரு துரை சீமைக்குப் போனபோது சாமான்களை ஏலம் போட்டார்கள். இரும்புச் சட்டம் போட்ட தொட்டியை ஆசையாக எடுத்துவந்தான். அது ஒழுகியது. அவன் ஆசையும் அதோடு ஒழுகிப்போயிற்று. பிறகு அது நீலாம்பாளின் சொத்து.

குங்கிலியத்தை உருக்கி அவளே ஒழுக்கை அடைத்தாள். ஆற்று மணலை அரிசி களைவதுபோலக் களைந்து களைந்து, கலங்கல் இல்லாமல் தெளிந்த பிறகு அடியில் பரப்பினாள். வாய்க்காலில் இருந்து வேலம்பாசியும், கிழங்கோடு கொட்டிச் செடியும் கொண்டுவந்து நட்டாள். தண்ணீர் விட்டுச் செடி வேர் பிடிக்கட்டும் என்று காத்திருந்து, அப்புறம்தான் கெண்டைக் குஞ்சுகளை விட்டாள். விட்ட சந்தோஷத்தில், பாபநாசத்தில் போடுவதுபோல ஒரு கை பொரியை அள்ளிப் போட்டாள். அவ்வளவுதான். இரண்டொரு நாளில் தண்ணீர் கழுநீர் ஆயிற்று. மீன் எல்லாம் மல்லாந்தன.

அன்றைக்கு அவள் எந்தச் சாமியாரிடமும் ஓடவில்லை. தொட்டியின் எதிரே உட்கார்ந்து யோசித்தாள். ஆற்றில் போட்ட பொரியை ஆயிரம் மீன் தின்னும், மிச்சத்தை ஆறு அடித்துக்கொண்டு போகும். தொட்டியில் விழுந்தது எங்கே போகும்? ஊறும், அழுகும், மீனின் மூச்சை அடைக்கும். மறுபடி தொட்டியைக் கழுவினாள். இந்தத் தடவை தின்று தீர்க்கிற அளவுக்கு ஒரு சிட்டிகைதான். அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மொண்டு கொட்டிப் புதுத் தண்ணீர் விட்டாள். வெயில் அதிகமாகித் தண்ணீர் பச்சை பிடித்தபோது ஜன்னலுக்குப் பாதித் திரை போட்டாள். கண்ணாடியில் படியும் அழுக்கைத் தின்ன நாலு நத்தைகளைக் குடிவைத்தாள். வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. பாவியின் கையால் தின்ற மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. பகலில் வேலம்பாசி இலை நுனியில் இருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பும். சொர்ணாம்பாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தவளே இல்லை.

"அத்தை, நான் பத்தமடைக்குப் போகுதேன். சண்டை போடல. போறதுக்கு முன்னால சாமியை ஒரு தடவை கும்பிட்டுட்டுப் போகுதேன்."

மருமகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று சொர்ணாம்பாள் பூரித்துப்போனாள்.

வெள்ளிக்கிழமை. கீழரத வீதியில் தலை மேல் தலை. நீலாம்பாள் சுவாமிகள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். எழுந்து, கூட்டம் முழுவதற்கும் கேட்கிறமாதிரிச் சொன்னாள்.

"சாமி, நான் பாவி. என் வீட்டுச் சாடியில மீன் செத்துது. சாமிக்குப் பாவமே கெடையாதுல்லா? சாமி திருக்கையால ஒரு சாடியில பொரி போட்டு, அந்தத் தண்ணியைத் தீர்த்தமாத் தந்தா ஊர்ப் பாவமே தொலஞ்சிருமே!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. "ஆமா சாமி! தீர்த்தம் வேணும் சாமி!"

சுவாமிகள் தாடியை உருவினார். "குழந்தாய், நாம் கர்மத்தைக் கடந்தவர். நமக்கெதற்குச் சாடி?"

"அதனாலதான கேக்குதேன்! கடந்தவிய கைபட்ட மீனை நாங்க பாக்காண்டாமா?"

பக்தி பொல்லாதது. விட்டால் சுவாமிகளையே சாடிக்குள் தள்ளியிருப்பார்கள். எதிர்வரிசையில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், இஸ்ரவேல் அண்ணாச்சி. சுவாமிகளுக்குச் சாடி விற்றே அந்த மாதம் செழித்தவர். அவர் கடை வாசல் பலகையில் புதுச்சாடி இரண்டு வைத்தார்கள். ஒன்று சாமிக்கு. இன்னொன்று எதற்கு?

"பாவி எனக்கு," என்றாள் நீலாம்பாள். "ரெண்டு சாடிலயும் ஒரே தண்ணி, ஒரே மணல், ஒரே பாசி. ஒவ்வொரு மீனு. என் மீனு செத்தா மறுபேச்சுப் பேசாம வண்டி ஏறுதேன். ராதாபுரத்துப் பொண்ணுக்கு நானே தாலிக்கயித்துக்கு மஞ்சள் அரைச்சுத் தாரேன்."

சுவாமிகள் நாலே நாலு பொரியை நுனிவிரலால் எடுத்தார்.

"சாமி பிடி அம்புட்டுத்தானா?" என்று ஒரு கிழவர் ஏங்கினார். "எங்களுக்கு மட்டும் உள்ளங்கை நெறய அள்ளச் சொன்னியளே!"

"நெறய சாமி! நெறய!" என்றது கூட்டம்.

சுவாமிகள் மூன்று பிடி போட்டார். போடும்போது மாடக்கண்ணுவைப் பார்த்தார். மாடக்கண்ணு ஆகாயத்தைப் பார்த்தான். நீலாம்பாள் தன் சாடியில் ஒரு சிட்டிகை போட்டாள். மீன் அதைத் தின்று தீர்த்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று தேடியது.

பட்டுத் துணி கட்ட மாடக்கண்ணு ஓடிவந்தான். ஜனங்கள் விடவில்லை. சாமி ஊட்டிய மீனைக் கண் குளிரப் பார்க்க வேண்டாமா? சுற்றி உட்கார்ந்து பஜனை தொடங்கிவிட்டார்கள். ஒரு கோஷ்டி எழுந்தால் இன்னொரு கோஷ்டி உட்காரும். சாடியை மாற்ற மாடக்கண்ணு நாலு தடவை வந்தான். நாலு தடவையும் அவன் கையில் ஜால்ராவைக் கொடுத்து உட்கார்த்திவைத்தார்கள்.

மறுநாள் சுவாமிகளின் சாடித் தண்ணீர் பால்போல வெளுத்தது. "பாற்கடல்!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாள் நாற்றம் எடுத்தது. "தெய்வீக வாசனை" என்றார் ஒருவர், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு. கடைசியில் மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. "யோக நித்திரை" என்று ஒரு குரல் எழும்பியது. பக்கத்துச் சாடியில் பாவியின் மீன் பாசிக்குள் புகுந்து புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது. பஜனை தானாக நின்றது.

அப்போதும் சுவாமிகள் அசரவில்லை. கையைத் தூக்கினார். "மூடர்களே! உங்கள் எல்லோருடைய பாவத்தையும் நாம் வாங்கிக்கொண்டோம். அதனால்தான் இந்த ஜீவன் மடிந்தது!"

கூட்டம் மறுபடி உருகத் தொடங்கியது. பாருங்கள், எவ்வளவு லேசாக உருகுகிறது!

"ரொம்பச் சந்தோசம் சாமி," என்றாள் நீலாம்பாள். "என் பாவத்தையும் வாங்கிக்கிட்டியள்லா? அப்ப எனக்குப் பாவம் இல்ல. பாவம் இல்லாதவளை எதுக்குப் பத்தமடைக்கு அனுப்பணும்?"

சுவாமிகள் மறுபடி தாடியை உருவினார். நீலாம்பாள் கடைக்குள் போய், தான் வெள்ளிக்கிழமையே தண்ணீரில் பொரி போட்டு வைத்திருந்த ஒரு செம்பைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்தாள். முன்வரிசை முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டது.

"இதுல மீனே கெடையாது. வெறும் தண்ணியும் பொரியும். இது யாரு பாவம்? சோத்துத் தண்ணி மூணு நாள் கெடந்தா ஊசிப்போகும்னு தெரியாத பொம்பள இங்கன யாரும்மா? அடுப்படியில இருக்க புத்தி சாமியார் வாசலுக்கு வந்தா எங்க போகுது? அதையும் செருப்போட கழத்திப் போட்டுட்டா வருதிய?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது. மீசையை மழித்த பெரிய மனிதர்கள் மட்டும் சிரிக்கவில்லை. மேலுதட்டைத் தடவிக்கொண்டு சுவாமிகளை நோக்கி நடந்தார்கள்.

"ஏலே மாடக்கண்ணு! மூட்டையைக் கட்டுலே, பைய கொல்லை வழியாப் போயிருவோம்!" என்றார் கர்மத்தைக் கடந்தவர். தேவபாஷை எல்லாம் ஒரு நொடியில் பறந்துவிட்டது. மாடக்கண்ணு ஏற்கெனவே கொல்லைச் சுவரைத் தாண்டியிருந்தான். பின்னாலேயே தாடியும் சங்குமாலையும் தாண்டின. அன்றோடு இஸ்ரவேல் அண்ணாச்சிக்குச் சாடி வியாபாரம் படுத்துவிட்டது. "போகட்டும், நாத்தம் போச்சே," என்று அவர் பலகையைக் கழுவிவிட்டார்.

கதை இதோடு முடிந்தால் நன்றாயிருக்கும். ஆனால் கூட்டத்தில் மகனோடு நின்ற சொர்ணாம்பாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"சரிட்டி, மீனு பொய்யினே வச்சுக்கிடுவோம். சாமியும் பொய்யி. ஒன் வயித்துல ஒண்ணும் இல்லியே, அதுவும் பொய்யா?"

நீலாம்பாளின் கண் நிறைந்தது. இத்தனை நேரம் சிரித்த முகம் அந்த ஒரு கேள்வியில் வாடிவிட்டது. ஆனால் அவள் தலையைக் குனியவில்லை.

"பொய்யில்ல அத்தை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாப்போம். ரெண்டு பேருமா."

"யாரு கூட?"

"ஒங்க மவன் கூட."

அம்மையப்பன் கண்ணாடிக்குள் இருக்கும் மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"அவனை எதுக்குட்டி பாக்கணும்?"

"ஆறு வருசமா அதை யாரும் கேக்கவே இல்லியே அத்தை. மீனைப் பாத்திய, சாடியைப் பாத்திய, என்னையப் பாத்திய. அவியளை ஒருத்தரும் பாக்கலியே."

சொர்ணாம்பாள் மருமகளைப் பார்த்தாள். பிறகு, அவன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பார்ப்பதுபோல, மகனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏலே, வண்டி பேசு."

"எங்கன அம்மை, பத்தமடைக்கா?"

"பாளையங்கோட்டைக்கு. நீயும் ஏறு."

ஐயா, அம்மா, உங்கள் வீட்டில் மீன் செத்தால் முதலில் தண்ணீரை மோந்து பாருங்கள். அதற்கு மூக்கு போதும். மருமகளைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் மகனையும் ஒரு பார்வை பாருங்கள். அதற்குத்தான் மூளை வேண்டும். அது எந்தச் சாடியிலும் விற்கிறதில்லை. உங்கள் தலையில் ஏற்கெனவே இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்துங்கள்.