சோப்புக்குப் போன நல்ல தண்ணீர்

வரையறைக்காரர் என்ற ஓர் இனம் நம் கோயமுத்தூரில் செழிப்பாக வாழ்ந்து வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். டவுன் பஸ்ஸில் உங்களை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி, "ஆவியாதல்னா என்னன்னு சொல்லுங்க பாப்பம்" என்று கேட்பவர் அவர்தான். பள்ளிக்கூடத்தை அவர் விட்டு வெகுகாலம் ஆகிறது. வேதியியல் புத்தகம்தான் அவரை இன்னும் விடவில்லை.

காந்திபுரத்து டீக்கடையில் அவருக்குச் சர்க்கரை கரைபொருள், டீ கரைப்பான், அடியில் கரையாமல் தங்கினால் அது பூரிதக் கரைசல். "சக்கர ஜாஸ்திங்களா, கம்மீங்களா?" என்று மாஸ்டர் கேட்டால் அதற்கு மட்டும் பதில் வராது. வீட்டு இரும்பு கேட் துருவேறி இறுகிப்போய், பால்காரர் வெளியே கேனோடு நிற்பார். நம்மவர் உள்ளே நின்றுகொண்டு, துருப்பிடித்தல் ஒரு வேதியியல் மாற்றம், பழைய நிலைக்குத் திரும்பாது என்பார். "கேட்டத் தொறக்கறதுங்க?" என்பார் பால்காரர். "அது இயற்பியல் மாற்றம்." கேட் திறந்ததா? பாலைச் சுவருக்கு மேலே எட்டித்தான் வாங்கினார்கள்.

கல்யாண வீடுகளில் இவர் பந்திக்கு வந்தால் பிள்ளைகள் அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். சொந்த மகளால் அப்படிப் போக முடியுமா? மில்லில் குமாஸ்தாவாக இருந்த நரசிம்மலுவின் மகள் சாய்ப்ரியா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கடின நீர்னா சோப்புப் போட்டா நுரை வராத தண்ணிப்பா" என்றாள்.

"'எளிதில்' உட்டுப்போட்டியே கண்ணு. சோப்புடன் எளிதில் நுரை தராத நீர் கடின நீர். ஒரு வார்த்தை போச்சுன்னா ஒரு மார்க்கு போச்சு."

அந்த வரையறை அவர் வீட்டை ஒரு நாள் என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள்.

நரசிம்மலுவின் மனைவி அம்புஜம் பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்க வாய்ப்புக் கேட்டிருந்தார். பட்டறைக்காரர் சிக்கந்தர், "ஒரு நாளைக்குக் குடுத்துப் பாருங்கக்கா. பசங்களுக்குச் சாம்பார் புடிச்சுப்போச்சுன்னா தெனமும் உங்க ஊட்டுச் சாப்பாடுதான்" என்று சொல்லிவிட்டார். அம்புஜம் அதற்காகவே குழாயில் வந்த சிறுவாணி நல்ல தண்ணீரைக் குடங்களில் பிடித்து மூடி வைத்திருந்தார். குழாயில் அடுத்த முறை தண்ணீர் வருவது மறுநாள்தான். ஆழ்துளைப் போர் தண்ணீரில் துவரம் பருப்பு வேகாது என்பது இந்த ஊரில் அடுப்புப் பற்றவைத்த எல்லோருக்கும் தெரியும்.

அன்று மில்லில் நரசிம்மலுவுக்கு வார விடுமுறை. காய் வாங்கப் போன அம்புஜம் திரும்பி வந்தபோது குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. கொடியில் வெள்ளைச் சட்டைகள் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, கொடத்துத் தண்ணி எங்கீங்க?"

"தொவைக்க எடுத்துப்போட்டேன். போர் தண்ணி கடின நீராச்சே அம்மணி, சோப்புக்கு ஆகாது."

"அப்ப பருப்புக்கு?"

"பருப்புக்குப் போர் தண்ணிய ஊத்து. வரையறைல பருப்பப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே."

அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, வரையறையும் சண்டையும் மட்டும் தமிழ். அன்று முழுக்கத் தமிழ்தான். அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால், குழாய் வராத நாளில் கூப்பிட்டு நகை கொடுப்பார்கள், நல்ல தண்ணீர் கொடுப்பார்களா? வேறு வழியில்லாமல் பருப்பு போர் தண்ணீரில் ஏறியது.

கொதித்தது. இன்னும் கொதித்தது. நரசிம்மலு பக்கத்தில் நின்று, கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை நீங்கிவிடும் என்று ஆறுதல் சொன்னார். அம்புஜம் ஒரு பருப்பை எடுத்து அவர் கையில் வைத்தார். நரசிம்மலு கடித்துப் பார்த்தார். பல்தான் வலித்தது.

"இன்னும் எந்த மாற்றமும் நடக்கலை" என்றார்.

"எனக்கு நடந்துட்டிருக்குதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மணி பன்னிரண்டை நெருங்கியது. அம்புஜம் அரைவேக்காட்டுப் பருப்பை வடித்து, மாவாட்டும் கிரைண்டரில் கொட்டிச் சுற்றவிட்டார். கல்லுக்கு முன்னால் எந்தக் கடின நீர் நிற்கும்? விழுதாக வந்ததைப் புளிக்கரைசலில் விட்டுக் கொதிக்கவைத்து, தாளித்துக் கொட்டி, தூக்குப் போசியைக் கணவர் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

பட்டறையில் சிக்கந்தர் முதல் வாய் எடுத்துவிட்டுச் சற்று யோசித்தார். "பருப்பு கண்ணுல தட்டுப்படலீங்க. ஆனா கெட்டியா, சோத்தோட நல்லாச் சேருதுங்க. அக்காவ நாளைக்கும் இதே மாதிரி வைக்கச் சொல்லுங்க" என்றார்.

இத்தோடு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் அல்லவா? வரையறைக்காரரால் முடியுமா?

"இதுக்குத் தொங்கல்னு பேருங்க. கரையாத துகள்கள் நீர்மத்துல பரவி..."

"இதுக்குச் சாம்பார்னு பேருங்க" என்று சொல்லிவிட்டுச் சிக்கந்தர் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் குழாய் வந்ததும் அம்புஜம் நல்ல தண்ணீரைப் பிடித்துச் சாமி அறையில் வைத்துப் பூட்டினார். பூட்டைச் சுட்டிக்காட்டி நரசிம்மலு, இரும்பு எளிதில் துருப்பிடிக்கும் என்றார். அப்படியும் சாவி அவர் கைக்கு வரவில்லை.

வாசகரே, இவ்வளவையும் சிரித்தபடி படித்து வந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அந்தப் போர் தண்ணீரின் கடினத்தன்மை தற்காலிகமானதா நிரந்தரமானதா என்று நான் இன்னும் சொல்லவில்லையே என்று நடுவில் எங்காவது உங்கள் நாக்கு துறுதுறுத்ததா? துறுதுறுத்திருந்தால் மெல்ல எழுந்து போய், உங்கள் வீட்டில் நல்ல தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைக்கு எட்டுகிற இடத்தில்தானே இருக்கிறது?